மூன்று நாட்டுக் கவிதைகளை ஒரு புத்தகமாக்கப் போன கதை

புலம்பெயர்ந்த நாட்டில் இருந்துகொண்டு தமிழில் கவிதைத் தொகுப்பு போட நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, படிவத்தில் 'சொந்த நாடு' என்ற கட்டம் வந்தால் பேனா நின்றுவிடுகிற ஆட்களுக்கு. நான் பிறந்தது இலங்கையில், யாழ்ப்பாணத்து வடமராட்சியில். பதின்ம வயது முழுக்கச் சென்னை வளசரவாக்கத்தில், இலங்கையிலிருந்து வந்தவர்கள் செய்ய வேண்டியிருந்த பொலிஸ் பதிவோடு. கல்யாணத்துக்குப் பிறகு கனடா. கவிதைகளும் இந்த மூன்று இடங்களிலும் மாறி மாறி நிற்பவை. 2021 கடைசியில் அவற்றைத் தொகுக்க ஆரம்பித்தேன். ஒழுங்கான ஒரு புத்தகம் கையில் வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. வெளியீட்டு விழாவில் உறையில் வந்த காசையெல்லாம் கழித்த பிறகும், கைவிட்டுப் போனது ஏறக்குறைய 2,500 கனேடிய டொலர். ரொறன்ரோவில் புத்தகம் போட்டவர்களுக்குக் குறைவே இல்லை. கேட்டால் எல்லோரும் 'நல்லா நடந்தது' என்று மட்டும்தான் சொல்கிறார்கள். எனக்குக் காசு போனதைவிட அதில்தான் கோபம்.

இந்த அலைச்சலில் எனக்கு விளங்கிய விஷயம் ஒன்றுதான். கவிதை மூன்று நாட்டிலும் நிற்கலாம், அதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் புத்தகம் எடையுள்ள பொருள். அஞ்சலகம், சுங்கம், நூலகம், பரிசுக் குழு, வக்கீல் என்று யாரிடம் போனாலும் அவர்கள் முதலில் கேட்பது 'இது எந்த நாட்டுப் புத்தகம்?' என்றுதான். அதற்கு நீங்கள் முன்கூட்டியே பதில் வைத்திருக்காவிட்டால், மூன்று நாட்டிலும் அதைப் பொறுப்பெடுக்க ஆள் இருக்காது. கீழே வருவதெல்லாம் அந்தப் பதிலைத் தேடிப் போன கதை.

முதலில் கவிதைகளைப் பற்றிச் சொல்கிறேன். பாதிக் கவிதைகள் பாமினி எழுத்துருவில் பழைய கோப்புகளாகக் கிடந்தன. ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் கருவியில் போட்டேன். தமிழ் ஒழுங்காக மாறியது. ஆனால் பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் கவிதைக்குள் ஆங்கிலத்தில் எழுதியிருந்த தெருப் பெயர்கள், பஸ் வழித்தடங்கள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக வந்துவிட்டன. சில இடங்களில் பத்தி இடைவெளியும் காணாமல் போனது. கட்டுரையில் இது பெரிய விஷயமில்லை, கவிதையில் ஓர் இடைவெளி போனால் கவிதையே மாறிவிடும். பழைய கோப்பு வைத்திருப்பவர்கள், மாற்றிய பிறகு பழைய அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கவிதையாக ஒப்பிட்டுப் பாருங்கள். பதிப்பகத்துக்கு அனுப்பிய பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள், அங்கே யாருக்கும் உங்கள் வரி எங்கே உடைந்தது என்று தெரியாது.

பிறகு தேர்வு. எங்கள் வட்டத்தில் மூத்த கவிஞர் ஒருவர் இருக்கிறார், அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். முழுக்கட்டையும் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். மேசையில் இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, இந்தப் பக்கம் முழுக்கக் கிணத்தடி, வேம்பு, புழுதி. அந்தப் பக்கம் முழுக்கப் பனி. ரெண்டும் ஒண்டை ஒண்டு சந்திக்கிற கவிதை எத்தினை இருக்கெண்டு எண்ணிப் பார்." அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து எண்ணினேன், கொஞ்சம்தான் இருந்தன. ஆனால் அந்தக் கொஞ்சத்தைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அவை எல்லாமே ஏதோ ஒரு சின்னக் காரியத்தைப் பற்றியவை, நாட்டைப் பற்றி அல்ல. ஒன்று மணிக்கூடு பற்றியது. யாழ்ப்பாணம் ரொறன்ரோவைவிடக் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் முந்தி, கோடையில் ஒன்பதரை. மார்ச் மாதம் இங்கே நேரத்தை மாற்றுவது அங்கே இருக்கிற அம்மாவுக்கு ஒருபோதும் ஞாபகம் இருக்காது, தொலைபேசிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒன்பது வரிக் கவிதை. ஏக்கம், தாயகம், வேர் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. பின்னால் புத்தகத்தைப் படித்தவர்கள் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான்.

இன்னொன்றும் நடந்தது. சென்னைக் கவிதைகளை நான் கட்டில் சேர்க்கவே இல்லை. ஈழத்து வாசகருக்கு அது ஊரில்லை, கனடா வாசகருக்கு அது புலமில்லை, தமிழ்நாட்டு வாசகருக்கு நான் அந்த ஊர்க்காரி இல்லை. இவை யாருக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அண்ணை கேட்டதால் கொண்டுபோய்க் காட்டினேன். காவல் நிலையத்தில் பதிவுக்கு நின்றது, வாடகை வீடு கேட்டுப் போனபோது 'சிலோன்காரங்களா?' என்று கேட்டுவிட்டுக் கதவைப் பாதி மூடியது, பள்ளிக்கூடத்தில் என் பேச்சைத் திருப்பிப் பேசிச் சிரித்த சிநேகிதியே பரீட்சைக்கு முதல் நாள் தன் நோட்டைக் கொண்டுவந்து தந்தது. அவைதான் இப்போது தொகுப்பின் நடுப்பகுதி. ஊரைப் பற்றியும் பனியைப் பற்றியும் எழுத நம்மிடம் தயாராகச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன, நடுவில் இருந்த நாட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால்தான் அவை என் சொந்தக் கவிதைகளாக நின்றன என்று நினைக்கிறேன். இரண்டு நாட்டைப் பற்றி எழுதுகிற பலருக்கு இப்படி மூன்றாவது ஒன்று மறைந்திருக்கும். கொழும்பு விடுதி, பாங்கொக்கில் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சி வைத்திருந்த அறை, ஜெர்மனி முகாம். தேடிப் பாருங்கள்.

அடிக்குறிப்புச் சண்டையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் 'ஒழுங்கை'க்கு (எங்கள் ஊரில் சின்னச் சந்து) அடிக்குறிப்பு கேட்டார்கள். யாழ்ப்பாணத்து நண்பர் ரொறன்ரோ சுரங்க ரயிலின் பெயர்களுக்குக் கேட்டார். என் மகள் எல்லாவற்றுக்கும் கேட்டாள். மூவரையும் திருப்திப்படுத்தினால் கவிதைக்குக் கீழே இன்னொரு புத்தகம் வரும். கடைசியில் அடிக்குறிப்பே போடாமல், ஒவ்வொரு கவிதையின் அடியிலும் இடத்தையும் வருடத்தையும் மட்டும் போட்டேன். 'வளசரவாக்கம், 1994' என்று இருந்தால் வாசகர் பாதியை ஊகித்துக்கொள்கிறார். மீதி தெரியாமல் போனால் போகட்டும்.

அடுத்தது பதிப்பகம். யாழ்ப்பாணத்தில் அச்சடிக்கத்தான் ஆசை. ஆனால் 2022 தொடக்கத்தில் இலங்கையில் டொலர் தட்டுப்பாடு வந்து கடதாசியே இல்லாமல் போனது. மேல் மாகாணத்தில் பள்ளிப் பரீட்சைகளைத் தள்ளிவைத்தார்கள், பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. நான் விலை கேட்ட அச்சகத்தார் "அக்கா, நாளைக்கு என்ன விலையெண்டு எனக்கே தெரியாது" என்றார். அதனால் சென்னையில் ஒரு சிறு பதிப்பகம். கவிதைக்கு இப்போது அங்கே பெரும்பாலும் எழுதியவரே காசு போட வேண்டும், அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. 112 பக்கம், 300 பிரதி, அட்டை வடிவமைப்பு, மெய்ப்பு (பிழை திருத்தம்) எல்லாம் சேர்த்து 78,000 இந்திய ரூபாய் என்றார்கள். ஒப்பந்தம் ஒரு பக்கம். வாட்ஸப்பில் வந்தது, கையெழுத்துப் போட்டுப் படமெடுத்து அனுப்பினேன். காசை நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்பாமல் ஒரு தனி ஆளின் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள், ரசீது கடைசிவரை வரவில்லை. நீங்கள் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். மூன்று தவணையாகப் பிரியுங்கள், கடைசித் தவணை அச்சான புத்தகத்தின் படத்தையாவது பார்த்த பிறகு போகட்டும். முழுக் காசும் போன பிறகு உங்கள் மின்னஞ்சலுக்கு வருகிற பதிலின் வேகம் வேறு.

அந்த ஒரு பக்க ஒப்பந்தத்தில் எத்தனை வருடத்துக்கு, எந்த நாட்டுக்கு என்று எதுவுமே இல்லை. பின்னால் நான் கனடாவில் தனியாக இரண்டாம் பதிப்பு போட வேண்டி வந்தபோது, உரிமை தங்களிடம்தான் இருக்கிறது என்று சொன்னார்கள். பல இரவு தூக்கம் போனது. சென்னையில் வக்கீலாக இருக்கும் பழைய பள்ளிச் சிநேகிதிதான் வழி காட்டினாள் (நோட்டுத் தந்தவளேதான்). இந்தியாவின் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் 19ஆவது பிரிவு இருக்கிறது. உரிமையை எழுதிக்கொடுக்கும்போது கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் கொள்ள வேண்டும். எந்தெந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். ஆக, கனடாவிலும் இலங்கையிலும் புத்தகம் என்னுடையதுதான். அவள் எழுதித் தந்த நாலு வரியை அனுப்பினேன், அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு ஒப்பந்தத்தைக் காலியாக விட்டால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். பல பதிப்பகங்கள் 'உலகம் முழுவதும், எல்லா வடிவங்களிலும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்று ஒரே வரியில் எழுதி நீட்டுகின்றன. அதில் கையெழுத்துப் போட்டால் 19ஆவது பிரிவு உங்களைக் காப்பாற்றாது. நாடு, மொழி, வடிவம், காலம் நான்கையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். அச்சுப் புத்தகம் வேறு, மின்னூல் வேறு, ஒலி வடிவம் வேறு, மொழிபெயர்ப்பு வேறு. இரண்டு மூன்று நாட்டில் வாசகர் இருக்கிற நமக்கு இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை, பிழைப்பே அதில்தான்.

அச்சுக்குப் போக இருந்த வாரம் ஊரில் இருந்து ஒரு தொலைபேசி. ஒரு கவிதையை என் ஒன்றுவிட்ட தங்கைக்கு, அவள் பெயரையும் கிராமத்தின் பெயரையும் போட்டுச் சமர்ப்பித்திருந்தேன். காணாமல் போன அவளுடைய தமையனைப் பற்றிய கவிதை. அவளை மகிழ்விக்கத்தான் முதலில் அனுப்பிக் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு எடுத்து, "அக்கா, கவிதை நல்லாயிருக்கு. என்ர பேர் வேண்டாம். நீங்கள் அங்க இருக்கிறியள், நான் இஞ்ச இருக்கிறன்" என்றாள். அது வெறும் பயம் என்று யாரும் சொல்ல முடியாது. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவருக்கு எதிராகக் காட்டப்பட்டவற்றில் முக்கியமானது அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பு. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது, 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. நாட்டுக்குள் இருந்து எழுதியவருக்கே அது நடந்தது. வெளியே இருந்து எழுதுகிற நாம் பாதுகாப்பாக இருந்துகொண்டு, உள்ளே இருக்கிறவர்களின் பெயரை அச்சில் போடுகிறோம்.

பதிப்பகத்தாரைக் கூப்பிட்டேன். அச்சுத் தகடு தயாராகிவிட்டது, மாற்றினால் 6,500 ரூபாய் கூடுதல் என்றார்கள். கட்டினேன். முழு அலைச்சலிலும் நான் வருந்தாத ஒரே செலவு அது. அதற்குப் பிறகு தொகுப்பு முழுவதையும் அந்தக் கண்ணால் வாசித்து, ஒரு பாடசாலையின் பெயரையும் இரண்டு வீதிப் பெயர்களையும் எடுத்தேன். உங்கள் கவிதையில் வருகிற ஒவ்வொரு உயிருள்ள ஆளிடமும், அவர் எந்த நாட்டில் இருந்தாலும், பக்கம் அமைப்பதற்கு முன்னால் காட்டிவிடுங்கள். சரி, எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள். கவிதையை விடுவதா பெயரை விடுவதா என்று முடிவெடுக்க அப்போது உங்களிடம் நேரமாவது இருக்கும்.

தகட்டை மாற்றினார்கள், அச்சாகியது. முதல் பிரதியைத் திறந்து பார்த்த அன்று நான் பட்ட பாட்டை எழுத வெட்கமாக இருக்கிறது. 'கதைத்தோம்' என்ற இடமெல்லாம் 'பேசினோம்'. 'வடிவு' எல்லாம் 'அழகு'. ரொறன்ரோ டொரண்டோ ஆகியிருந்தது. அதையாவது பொறுத்திருப்பேன், அம்மா பேசுகிற வரிகள் சென்னைத் தமிழில் வந்திருந்தன. என் அம்மா 'ஏன் இன்னும் கூப்பிடலை?' என்று கேட்கிறார்! நான் கடைசியாகச் சரிபார்த்த கோப்பில் இவை ஒன்றும் இல்லை. நான் பார்த்தது வேர்ட் கோப்பு. அதற்குப் பிறகு மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர் நல்லெண்ணத்தில் 'பிழை' திருத்தியிருக்கிறார், பிறகு பக்க வடிவமைப்பு நடந்திருக்கிறது, அது என் பார்வைக்கு வரவேயில்லை. கேட்டதற்கு, "மேடம், நம்ம வாசகர்களுக்குப் புரியணும்ல?" என்றார்கள். அந்த 'நம்ம' யார் என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. முந்நூறு பிரதியும் அப்படியே.

இதற்கு மருந்து மிகச் சாதாரணமானது. கையெழுத்துப் பிரதியோடு ஒரு சொற்பட்டியலை அனுப்புங்கள்: இந்தச் சொற்கள் இப்படியேதான் இருக்க வேண்டும், ஊர்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் இது, பேச்சு வரிகளில் கைவைக்கக் கூடாது. 'அச்சுக்குப் போகும் பீடிஎஃப் கோப்பைப் பார்த்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுத்தில் சம்மதம் தந்த பிறகே அச்சடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுஅச்சு பதிப்பகத்தின் செலவு' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அந்த பீடிஎஃப் கோப்பைக் கணினித் திரையில் பார்க்காமல் தாளில் அச்செடுத்து, சத்தமாக வாசியுங்கள். அம்மா வேறு ஊர்த் தமிழ் பேசினால் காது உடனே பிடித்துவிடும்.

மறுஅச்சுக்கு அப்போது என்னிடம் காசில்லை, மண்டபமும் பதிவாகிவிட்டது. 150 பிரதிகளைக் கூரியரில் எடுப்பித்தேன், 24,000 ரூபாய். கனடாவுக்குள் அச்சுப் புத்தகத்துக்குச் சுங்கத் தீர்வை இல்லை. 5 வீத மத்திய வரி உண்டு, ஒன்ராறியோவில் மாகாணப் பங்கு புத்தகத்துக்குக் கிடையாது. ஆனால் கூரியர் நிறுவனம் வாசலில் வைத்து வாங்கிய கையாளல் கட்டணம் அந்த வரியைவிட அதிகம். அனுப்பச் சொல்லும் முன்னரே அந்தக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். விலைப்பட்டியலில் 'புத்தகம்' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். என்னுடையதில் 'பொருட்கள்' என்று இருந்ததால் பெட்டி சில நாள் நின்றது. கனடாவுக்குள் தனித்தனியாக அனுப்புகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2 சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பில்லாமல், 500 கிராமுக்குள் இருந்தால், பெரிய உறைக்குள் போட்டுக் கடிதமாகவே அனுப்பலாம், பொதிக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். கவிதைப் புத்தகம் மெலிதாக இருப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

வெளியீட்டு விழாவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மண்டபம், ஒலிபெருக்கி, சிற்றுண்டி எல்லாம் 1,100 டொலர் அளவில் முடிந்தது, அதே அளவு உறைகளில் வந்தது. உறை தந்தவர்களில் பலர் உறவுக்காகவும் கடமைக்காகவும் தந்தவர்கள், அவர்களுக்கு என் நன்றி. ஆனால் விழாவுக்கு மறுநாள் முதல் விற்பனை நின்றுவிடும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பேசிய நால்வரில் ஒருவர்தான் புத்தகத்தை வாசித்திருந்தார். மற்றவர்கள் புலம்பெயர் வாழ்வு, தாயகக் கனவு என்று எந்தப் புத்தகத்துக்கும் பொருந்துகிற மாதிரிப் பேசினார்கள். சென்னைக் கவிதைகளை ஒருவரும் தொடவில்லை. பேச அழைக்கிறவர்களிடம் 'இந்த இரண்டு கவிதைகளைப் பற்றி மட்டும் பத்து நிமிடம்' என்று கேட்டு, அந்தப் பக்கங்களை முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். ஒரு சிநேகிதி அப்படிச் செய்தாள், அவள் கூட்டம் பேச்சும் கேள்வியுமாக உயிரோடு இருந்தது.

பிறகு நூலகம். ரொறன்ரோ பொது நூலகத்தில் தமிழ்ப் பகுதி இருக்கிறதே என்று விசாரித்தபோதுதான் அடுத்த பூதம் கிளம்பியது. பின்னட்டையில் அச்சாகியிருந்த ஐஎஸ்பிஎன் எண் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாள எண்), அதே பதிப்பகத்தின் வேறொரு நாவலுக்குச் சொந்தம். தேடினால் என் புத்தகம் உலகத்தில் இல்லை, அந்த நாவல்தான் வருகிறது. இந்தியாவில் இந்த எண்ணைக் கல்வி அமைச்சின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத்தான் தருகிறது. இலவசமாகக் கிடைப்பதைக்கூட வாங்க நேரமில்லாமல் போயிருக்கிறது. எண் வந்தவுடன் அதை வாங்கி, வேறு புத்தகத்துக்கு ஏற்கெனவே போயிருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. இன்னொன்றும் விசாரியுங்கள். 1954ஆம் வருடச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் புத்தகத்தைப் பதிப்பாளர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். என் புத்தகம் எங்கும் போகவில்லை.

பரிசுகள் பக்கமும் எட்டிப் பார்த்தேன், ஆசை யாரை விட்டது. சாகித்திய அகாதமிக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும். கனடாவின் ஆளுநர் நாயகம் இலக்கிய விருது ஆங்கிலம், பிரெஞ்சு நூல்களுக்கு மட்டும். நான் இருக்கிற நாட்டில் என் மொழி சேராது, என் மொழி சேருகிற நாட்டில் நான் சேர மாட்டேன். 2001 முதல் ரொறன்ரோவில் இருந்து இயங்குகிற தமிழ் இலக்கியத் தோட்டம் போல, எழுதியவரின் நாட்டைப் பார்க்காமல் தமிழை மட்டும் பார்க்கிற அமைப்புகளைத் தேடி அனுப்புவதுதான் வழி. ஆங்கில மொழிபெயர்ப்போடு இதழ்களுக்கு முயல்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: முகநூலில் போட்ட கவிதையைப் பல ஆங்கில இதழ்கள் ஏற்கெனவே வெளியானதாகவே எடுத்துக்கொள்கின்றன. மொழிபெயர்ப்பின் உரிமை மொழிபெயர்த்தவருக்கு. அவரோடும் ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவர் உங்கள் மருமகளாகவே இருந்தாலும்.

2023 கடைசியில் இரண்டாம் பதிப்பை நானே போட்டேன். இந்த முறை புத்தகத்துக்கு முகவரி கனடா என்று முதலிலேயே முடிவெடுத்தேன். கனடாவில் ஆங்கிலப் பக்கத்து ஐஎஸ்பிஎன் எண்களை ஒட்டாவாவில் உள்ள நூலகமும் ஆவணக் காப்பகமும் இலவசமாகத் தருகிறது, பிரெஞ்சுப் பக்கத்துக்குக் கியூபெக் தேசிய நூலகம். தமிழுக்குத் தனியாக ஒன்றும் இல்லாததால் என் அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழ் 978-1 என்று ஆங்கில உலகத்து எண்ணோடு நிற்கிறது, நிற்கட்டும். நூறு பிரதி, 650 டொலர். நூறுக்கு மேல் போனால் சட்டப்படி இரண்டு பிரதியை ஒட்டாவாவுக்குக் கொடுக்க வேண்டும், நூறும் அதற்குக் குறைவும் என்றால் ஒன்று போதும். அனுப்பினேன். 'கதைத்தோம்' எல்லாம் திரும்பி வந்தது, அம்மா அம்மாவாகப் பேசினார். 2005 முதல் ஈழத்து நூல்களைச் சேமித்து வருகிற 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளத்துக்கும் வாசிக்கத் தரலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுத்தேன். கூரியரில் அனுப்பக் காசில்லாமல் யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேராத புத்தகம் இப்படியாவது போய்ச் சேரும். தங்கை தொலைபேசியிலேயே முழுவதையும் வாசித்துவிட்டாள்.

இப்போது அடுத்த தொகுப்பு தயாராகிறது. கனடாவுக்கு நானே போடுகிறேன். இந்தியாவுக்கு மட்டும், மூன்று வருடத்துக்கு மட்டும், அச்சு வடிவம் மட்டும் என்று சென்னையில் வேறொரு பதிப்பகத்துக்கு நாலு பக்க ஒப்பந்தமும் ஒன்றரைப் பக்கச் சொற்பட்டியலும் அனுப்பினேன். "கவிதைப் புத்தகத்துக்கு இவ்வளவு பெரிய அக்ரிமெண்டா மேடம்?" என்று கேட்டார் பதிப்பாளர். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார், பட்டியலில் 'ஒழுங்கை' என்றால் என்ன என்று மட்டும் கேட்டிருந்தார்.